அண்ணியின் செல்லாத ஓட்டு

"அட, இது நம்ம அண்ணி மடிப்பாச்சே!"

சொன்னது நான்தான். யாரும் என் வாய்க்குள் கையை விட்டு அந்த வார்த்தைகளைப் பிடுங்கவில்லை. தானாகவே வந்து விழுந்தன. என் வாய்க்கும் மூளைக்கும் நடுவே கதவு, தாழ்ப்பாள் என்று எதையும் ஆண்டவன் வைக்கவில்லை.

சலவைக்கூடத்தில் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். ஈரப் போர்வைகளைக் கொட்டுகிற பெரிய மேஜையைத் துடைத்து, அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்திருந்தார்கள். தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். சீட்டை எடுத்துப் பிரித்து உரக்கச் சொல்லும் வேலை எனக்கு. வண்டி ஓட்டுகிறவன், குரல் பெரிது, யாரோடும் பகை இல்லை என்று என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டு கையில் வரும்வரை மூன்றும் உண்மைதான்.

மடிப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூடத்தில் ஆஸ்பத்திரித் துணியும் ஹோட்டல் துணியும் வெளுக்கிறோம். மடிக்கும் மேஜையில் நிற்கும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. ஒருத்தர் மடித்தால் ஓரம் கோணும், ஒருத்தர் மடித்தால் மூலையில் காது முளைக்கும். வண்டியில் மூட்டையை ஏற்றும்போதே இது யார் கை என்று எனக்குத் தெரிந்துவிடும். அண்ணியின் மடிப்பு தனி. நீளவாக்கில் மூன்றாக மடித்து, கடைசி விளிம்பை உள்ளே செருகி, கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு. எந்தப் பக்கம் பார்த்தாலும் விளிம்பு தெரியாது. உள்ளங்கை அகலச் சீட்டையும் அவர் அப்படித்தான் மடித்துப் போட்டிருந்தார். அவரே அறியாமல் கை செய்த வேலை அது.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே பிரித்தேன். சீட்டில் இரண்டு படங்கள். இஸ்திரிப் பெட்டி ஒன்று, வாளி ஒன்று. இஸ்திரிப் பெட்டி அண்ணனுக்கு, அதாவது அண்ணியின் புருஷனுக்கு. வாளி, துவைக்கும் மெஷின் ஓட்டும் சோப்புக்கு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் அவர் சோப்புதான்.

இரண்டு படத்தின் மேலும் பெருக்கல் குறி இருந்தது.

"செல்லாது" என்றேன். பெரிய குரல் என்று கொடுத்த வேலையில் முதல்முறையாக என் குரல் சின்னதாக வந்தது.

அண்ணன் இஸ்திரி மேஜையில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே ஆள் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். சோப்பு குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அண்ணி ஒரு தலையணை உறையை எடுத்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

சோப்பு ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இதிலே இன்னொரு சங்கதியும் உண்டு, கூடத்தில் தெரியாதவர் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணியைச் சோப்புக்குக் கொடுப்பதாகத்தான் பேச்சு. எதனாலோ நின்றுபோனது. பிறகு அண்ணன் வந்தார். சோப்பும் வேறு இடத்தில் கட்டி, பிள்ளை குட்டி என்று ஆகிவிட்டார். அத்தனை வருஷமாக அண்ணன் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுக்காமல் எங்கே வைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் அவர்கள் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். சாப்பாடும் அங்கேயே. அன்று சாயங்காலம் மழை. ஒரு வாரமாகவே மழை. கூடத்திலும் துணி காயவில்லை, வீட்டிலும் காயவில்லை. சமையலறைக்குள் கட்டிய கொடியில் அண்ணனின் சட்டைகள் சொட்டிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அண்ணி உருளைக்கிழங்கை எண்ணெயில் புரட்டினார். சட்டியின் சத்தம்தான் பேச்சு.

"அண்ணே, அது அண்ணி மடிப்பே இல்லண்ணே" என்று ஆரம்பித்தேன். "எனக்குக் கண்ணு சரியில்ல. அந்த உயரக்கார அக்காகூட அப்படித்தான் மடிக்கும்."

அண்ணன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். விளிம்பு உள்ளே போன கைக்குட்டை.

"தினமும் இதைத்தான் பையில வெச்சிட்டுப் போறேன்" என்றார். "எனக்குப் பாடம் எடுக்காதே."

பிறகு அடுப்புப் பக்கம் திரும்பாமலே, "ஒரு கேள்வி. ஒண்ணே ஒண்ணு. அது நீ போட்டதா?" என்று கேட்டார்.

"ஓட்டு ரகசியம்" என்றார் அண்ணி.

"பெண்டாட்டி புருஷனுக்கு நடுவுலயா?"

"பெட்டி பக்கத்துல அப்படி எதுவும் எழுதி ஒட்டலையே, புருஷனுக்கு மட்டும் சொல்லலாம்னு."

"சரி. அவனுக்கே போட்டிருந்தாலும் விட்டுத் தொலைச்சிருப்பேன். எனக்குப் பிடிக்காதுதான், ஆனா அதுல ஒரு நேர்மை இருக்கு. இல்ல, வராமலே இருந்திருக்கலாம். தலைவலின்னு வீட்டுல படுத்திருந்தா, சரி, தலைவலின்னு நானும் நம்பிட்டு இருப்பேன். நீ வந்திருக்கே. வரிசையில நின்னிருக்கே. தலை வாரி, பூப்போட்ட புடவை கட்டிட்டு வந்து, எனக்குப் பாதி, அவனுக்குப் பாதின்னு பங்கு வெச்சிருக்கே!"

"செல்லாத ஓட்டுல பாதி ஏதுண்ணே?" என்றேன். "யாருக்குமே இல்லன்னுதான் அர்த்தம்."

"நீ வாயை மூடு. காலையில மூடியிருக்க வேண்டியது, இப்பவாவது மூடு."

மூடினேன். அண்ணி தட்டுகளை வைத்தார். ரொட்டியை வெட்டினார். ரொட்டியின் கடைசித் துண்டு, மொறுமொறுவென்று இருக்கும் அந்தப் புறணி, அண்ணனுக்குப் பிடிக்கும். அவ்வளவு சண்டையிலும் அண்ணியின் கை அதை எடுத்து அண்ணன் தட்டில்தான் வைத்தது. இத்தனை வருஷமாக அந்த மேஜையில் சாப்பிடுகிறேன், எனக்கும் புறணி பிடிக்கும் என்று இதுவரை சொன்னதில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனாலும் ஒவ்வொரு சாயங்காலமும் அந்தத் துண்டு என்னைத் தாண்டிப் போகும்போது என் கண் அதன் கூடவே போய்வரும். அண்ணனைப் பார்த்து, யோவ், உனக்கு என்னய்யா குறை என்று கேட்கத் தோன்றியது. அவர் புறணியைத் தொடாமல் எழுந்து, தலையணையை இடுக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். என் அறைக்கு. என் கட்டிலுக்கு.

மறுநாள் கணக்கு அம்மா எல்லோரையும் கூப்பிட்டார். கூடத்தின் வரவு செலவையும் தேர்தலையும் ஒரே முகத்தோடு நடத்துகிறவர் அவர்.

"ஓட்டு யாருதுன்னு வெளிய தெரிஞ்சுபோச்சு. அதனால இந்தத் தேர்தல் செல்லாது. வெள்ளிக்கிழமை மறுபடியும் நடக்கும். சீட்டை யாரும் மடிக்கக் கூடாது. கவிழ்த்துப் போட்டாப் போதும். படிக்கிறது நான்." என்னைப் பார்த்தார். "நீங்க பெட்டிக்குக் காவல் இருங்க. காவலுக்குப் பேச வேண்டிய அவசியம் இல்ல."

ஆக, ஒரு வாயால் ஒரு தேர்தலையே கவிழ்த்தவன் என்ற பெருமை எனக்கு வந்தது. மூட்டை ஏற்றும்போது மடிக்கும் மேஜைப் பெண்கள் என்னைச் சும்மா விடவில்லை.

"தம்பி, என் மடிப்பை வெச்சு நான் யாருக்குப் போட்டேன்னு சொல்லு பாப்போம்."

"செல்லாம போடுறதுக்கு எதுக்குக்கா வந்து நிக்கணும்? வீட்டுல துவைச்சுப் போட்ட துணியாவது காய வெச்சிருக்கலாம்."

"போடி, வராதவளை யார் கணக்குல வெக்கிறா? செத்தவளும் வரல, தூங்குறவளும் வரல. வந்து கெடுத்தாத்தான் ஒருத்தி இருந்தான்னு தெரியும்."

"தெரிஞ்சுதான் போச்சே, நம்ம தம்பி புண்ணியத்துல!"

சிரிப்பு. மேஜையின் கோடியில் அண்ணி ஒருத்தர்தான் சிரிக்கவில்லை. போர்வையின் இரண்டு மூலையைப் பிடித்து உதறினார். அந்த உதறலில் பாதி எனக்கு.

மாடியில் அண்ணன் என் கட்டிலில் நடுவாக்கில் படுத்து, பொறாமையைப் பல் குச்சிபோல மென்றுகொண்டிருந்தார். மழைச் சாயங்காலம் முழுக்க அதே பேச்சு.

"அந்தச் சீட்டைக் கணக்கு அம்மாகிட்டக் கேட்டு வாங்கிப் பாத்தேன்டா."

"எதுக்குண்ணே?"

"வாளிமேல போட்ட குறி அழுத்தமா இருக்கு. பின்பக்கம் வரைக்கும் பேனா இறங்கியிருக்கு. இஸ்திரிப் பெட்டிமேல போட்டது லேசா, கோழி கீறின மாதிரி. அப்ப என்ன அர்த்தம்? முதல்ல அவனுக்கு ஆசையா போட்டிருக்கா. அப்புறம் பாவம் இவனும் இருக்கானேன்னு எனக்கு ஒரு பிச்சை."

"பேனா சரியா எழுதாம இருந்திருக்கும்ணே."

"தேர்தலுக்கு முன்னாடி ஒரு நாள் அவன் அவகிட்ட ஏதோ கேட்டான். இவ தலையாட்டினா."

"சோப்பு அளவு கேட்டிருப்பார்."

"அதைத் தலையாட்டாம சொல்ல முடியாதா?"

நான் சுவரோரம் ஒருக்களித்து, ஒற்றைக் கையை வெளியே தொங்கவிட்டுக் கிடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் எரிச்சலைவிடப் பொறாமைதான் அதிகம். ஒரு மனுஷி தலையாட்டியதை நினைத்து ஒரு மனுஷன் இவ்வளவு வேகிறான் என்றால் அது ஒரு சொத்து. நான் எங்கே போகிறேன், யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறேன் என்று கவலைப்பட இந்த உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை. வண்டியின் பின்பக்கக் கண்ணாடிகூட என்னைப் பார்க்காது, அது உடைந்து நாளாகிறது.

கெடுத்தவன் நான். சரிசெய்யவும் நான்தான் அலைய வேண்டும். சோப்பைப் பிடித்தேன். மெஷின் உருளும் சத்தத்தில் அவர் காதருகே போய்க் கத்தவேண்டியிருந்தது.

"நீங்க அண்ணிகிட்ட ஓட்டு கேட்டீங்களா?"

"எல்லார்கிட்டயும்தான் கேட்டேன்."

"எல்லார்லயும் அண்ணி உண்டா?"

"எல்லார்னா எல்லாரும்தானே தம்பி."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"தண்ணி சூடு பத்தலை. தள்ளு, பாத்துட்டு வரேன்" என்று சோப்பு நழுவிவிட்டார். பெயர் சும்மா வைக்கவில்லை.

அண்ணியிடமே கேட்டேன். "அண்ணி, ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"உங்களுக்கு முட்டை ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு. ஏன் அப்படி—"

"ரெண்டுன்னா கொஞ்சம் நேரமாகும். போய் முகம் கழுவிட்டு வாங்க."

முட்டை வந்தது, பதில் வரவில்லை. ஆனால் அண்ணியின் கண்ணிமை தடித்திருந்ததைப் பார்த்தேன். கீழே தனியாக அவர் எப்படித் தூங்குகிறார் என்று மாடியில் இருந்த நாங்கள் இரண்டு புத்திசாலிகளும் யோசிக்கவே இல்லை. அண்ணனோ வெள்ளிக்கிழமை முடிந்ததும் தன் தம்பி ஊருக்குப் போய் அங்கேயே வேலை தேடிக்கொள்ளப்போவதாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். முதல் நாள் கோபத்தில் சொன்னார். மறுநாள் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் விசாரித்தார். ஒரு வாய்ச்சொல்லால் ஒரு வீடு இரண்டாகி, நடுவில் நான் முட்டை தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, மாடியில் அவர் சட்டை மாட்டும்போது கேட்டேன்.

"அண்ணே, நீங்க ஜெயிக்கணும்னு எல்லார்கிட்டயும் ஓட்டு கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். ஒருத்தரை விடலை. கொதிகலன்காரரோட மாமியாரைக்கூட விடலை. அந்தம்மாவுக்கு ஓட்டே கிடையாது."

"அண்ணிகிட்டக் கேட்டீங்களா?"

"பைத்தியமாடா உனக்கு? என் வலது கைகிட்ட நான் போய், கையே, கொஞ்சம் தலையைச் சொறிஞ்சு விடுன்னு மனு போடுவேனா?"

"அந்தக் கைதான் அண்ணே ரெண்டு பக்கமும் குறி போட்டிருக்கு."

பொத்தானில் இருந்த அவர் விரல் நின்றுவிட்டது.

"சோப்பு கேட்டிருக்கார்" என்றேன். இது எனக்கு முழுசாகத் தெரியாது, இருந்தும் சொன்னேன். வாய் பழகிவிட்டது. "நீங்க கேக்கலை. எனக்கு வேற எதுவும் தெரியாதுண்ணே. பஸ்ஸைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க. வேட்பாளர்தானே நீங்க? கேக்குறது உங்க வேலை."

அண்ணன் படியிறங்கினார். வேலைக்கு ஒரே குடைக்குள் நடந்தோம். கூடத்துக்குள் நுழைந்ததும் நேராக மடிக்கும் மேஜைக்குப் போனார். ஆவி மூட்டமாக இருந்தது. பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் அண்ணியின் எதிரே போய் நின்று தொண்டையைச் செருமினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அங்கே இருந்த போர்வை அடுக்கைப் பார்த்தார்.

"வணக்கம்மா" என்றார்.

உயரக்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் இஸ்திரிப் பெட்டி சின்னத்துல நிக்கிறேன். உங்க ஓட்டை எனக்குப் போடணும்னு... கேட்டுக்கிறேன்." பிறகு சின்ன குரலில், "முன்னாடியே வந்து கேட்டிருக்கணும். விட்டுப்போச்சு."

கூடமே சிரித்தது. அண்ணியின் காது மட்டும் செவசெவ என்று ஆனது. கையில் இருந்த போர்வையை மடித்தார். தப்பாக மடித்தார். அந்தக் கையில் கோணல் மடிப்பு வந்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அண்ணன் தலையாட்டிவிட்டு இஸ்திரி மேஜைக்குப் போய், சூடாகாத பெட்டியை எடுத்துத் துணியில் தேய்க்கத் தொடங்கினார்.

ஓட்டுப்பதிவு நடந்தது. காய்கிற போர்வைகளுக்கு நடுவே ஒரு இடைவெளிதான் மறைவிடம். ஒவ்வொருவராக ஈரத்துணியை விலக்கி உள்ளே போய், சீட்டை மடிக்காமல் கவிழ்த்து எடுத்துவந்து பெட்டியில் போட்டார்கள். அண்ணி போய்வர அதிக நேரம் ஆகவில்லை. சோப்பு தன் சீட்டைப் போடும்போது பெருமூச்சு விட்டார். அண்ணன் தன் ஓட்டைப் போட்டுவிட்டு, பெட்டியை ஒரு நொடி, பூட்டிய வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஹோட்டல் துணி அவசரம் என்று ஆள் வந்துவிட்டதால், எண்ணுவதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார் கணக்கு அம்மா. எல்லோரும் வேலைக்கு ஓடினார்கள். நான் பின்பக்கத் தாழ்வாரத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காவல் இருந்தேன். மழை விட்டு, கூரையிலிருந்து சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அண்ணி என் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். ரொட்டி, வெங்காயம், அவித்த முட்டை இரண்டு. பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தார். அது சோப்புவின் சின்னம் என்று சொல்ல வாய்வரை வந்தது. எப்படியோ விழுங்கினேன்.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேக்கலைன்னா உங்களுக்கு வயிறு வெடிச்சிடும். கேளுங்க."

"ஏன் ரெண்டுலயும் போட்டீங்க?"

முட்டை ஒன்றா இரண்டா என்று இந்தமுறை கேட்கவில்லை. கையை மடியில் துடைத்துக்கொண்டார்.

"தேர்தல் வந்ததுல இருந்து உங்கண்ணன் தினமும் எங்க மேஜைக்கு வந்தாரு. ஒவ்வொருத்தியாப் பாத்துப் பேசுவாரு. 'அக்கா, முட்டி வலி எப்படி இருக்கு?' 'ஏம்மா, பொண்ணு பரீட்சை நல்லா எழுதினாளா?' அந்தக் குரல் தம்பி! எனக்கு மறந்தே போச்சு, அவர்கிட்ட அப்படி ஒரு குரல் இருக்குன்னு. கல்யாணமான புதுசுல அந்தக் குரல்லதான் என்கிட்ட தண்ணி கேப்பாரு. வரிசையா பேசிட்டே வருவாரு. என்கிட்ட வந்ததும், 'சாயங்காலம் உருளைக்கிழங்கு வாங்கணும்'னுட்டு, என்னைத் தாண்டி அடுத்தவகிட்ட போய், 'தங்கச்சி, இருமல் விட்டுச்சா?'ன்னு கேப்பாரு."

"அதுக்கா?"

"அதுக்குத்தான். எனக்குப் பொறாமை. அந்த இருமல் மேல பொறாமை. பல்லு போன பெரியம்மாவோட முட்டி மேல பொறாமை. சிரிக்காதீங்க."

"சிரிக்கலை அண்ணி." சிரிக்கவில்லைதான். புறணியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். "அப்ப சோப்பு வந்து கேட்டது?"

"அவர் என்ன கேட்டாருன்னே காதுல விழல. என் காது ரெண்டும் அந்தப் பக்கம் இருமலைக் கேட்டுட்டு இருந்துச்சு. தலையை மட்டும் ஆட்டினேன்."

"சரி, கோவம்னா வராமலே இருந்திருக்கலாமே?"

"வராம இருந்தா அவருக்குச் சொல்லிக் காட்டுற மாதிரி. கோவமா இருக்கேன், வந்து சமாதானம் பண்ணுன்னு கூப்பிடுற மாதிரி. எனக்கு அது வேண்டாம். யாருக்கும் தெரியாம ஒரே ஒரு தடவை நான் கோவப்பட்டுக்கணும். முதல்ல அவருக்குத்தான் போட்டேன். பழக்கம், கை தானா லேசா போட்டுடுச்சு. பேனாவை எடுக்குறப்ப உருளைக்கிழங்கு ஞாபகம் வந்துச்சு. இன்னொண்ணுல அழுத்திக் குத்தினேன். மடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டதும் மனசு லேசாயிடுச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். நீங்க பிரிக்கிறதுக்கு முன்னாடியே பேரைச் சொல்லிட்டீங்க."

"தப்புதான் அண்ணி."

"தப்புதான்" என்றார், சமாதானமாகவும் இல்லாமல் சண்டையாகவும் இல்லாமல்.

உள்ளே இஸ்திரி மேஜைப் பக்கம் ஆவி சீறும் சத்தம் கேட்டது. அண்ணி அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தார். பெட்டி என் மடியில் கனத்தது. உள்ளே எல்லாச் சீட்டும் ஒரே மாதிரி, மடிப்பில்லாமல், கவிழ்ந்து கிடந்தன. இந்தமுறை கணக்கு அம்மாவும் கண்டுபிடிக்க முடியாது, நானும் கண்டுபிடிக்க முடியாது. கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்டேன்.

"இன்னைக்கு யாருக்கு அண்ணி?"

"அவருக்குத்தான்" என்றார் அண்ணி. "கேட்டாரு, போட்டேன்."